ஓரங்க நாடகத்துக்கு மூலம் எது: கூத்தா, சிறுகதையா, புறநானூறா, ஓவியமா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பாடசாலை நாடகக் குழு ஓரங்க நாடகம் எழுத உட்காரும்போது கையெட்டும் தூரத்தில் நாலைந்து மூலங்கள் கிடக்கின்றன. ஊர்க் கூத்து ஏட்டில் ஒரு கட்டம், வாசித்துப் பிடித்துப்போன ஒரு சிறுகதை, சங்கப் பாட்டிலோ சிலப்பதிகாரத்திலோ ஒரு காட்சி, ஓர் ஓவியம், உம்மாமாரும் மூத்தம்மாமாரும் வாயில் வைத்திருக்கும் கவி என்ற நாட்டார் பாட்டு. எதை எடுத்தாலும் நாடகம் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றும் பிள்ளைகளிடம் வேறுவேறு வேலையைக் கேட்கும், வேறுவேறு இடத்தில் காலை வாரும். எந்தக் குழு எதை எடுப்பது நல்லது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு வேண்டும். தரம் 10 முதல் 12 வரையான பன்னிரண்டு பிள்ளைகள், பத்து வாரம், கிழமைக்கு இரண்டு நாள் ஒத்திகை, 20 நிமிட நாடகம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்றால் நேர எல்லையும் நடிகர் எண்ணிக்கையும் அந்தந்த ஆண்டுச் சுற்றுநிருபத்தில் இருக்கும். எழுதத் தொடங்குமுன் அதை வாங்கிப் பார்க்க வேண்டும். எழுதி முடித்த பிறகு பார்த்து, இரண்டு பாத்திரத்தை வெட்டி, நாடகத்தை முடமாக்கும் குழுக்கள் உண்டு.

20 நிமிடம் என்பது எவ்வளவு எழுத்து? மேடையில் நிதானமாக, கடைசி வரிசைக்கும் விளங்கப் பேசும் பிள்ளை நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல்தான் பேசும். வருவது, போவது, மௌனம், பாட்டு இவற்றுக்கு ஐந்து நிமிடத்தைக் கழித்தால் பதினைந்து நிமிடப் பேச்சு. அது 1,200 முதல் 1,350 சொல்; சீஆர் கொப்பியில் பத்து, பதினொரு பக்கம். முதற்பிரதி இதன் இரண்டு மடங்காக வருவது வழமை. ஆகவே மூலத்தைத் தெரியும்போதே, இது பத்துப் பக்கத்துக்குள் அடங்குமா என்று கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு அளவுகோல் நம் கைக்குள்ளேயே இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் எழுதிய மதங்க சூளாமணி என்னும் நூலில், சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணம் சொல்லும் ஐந்து சந்திகளோடு வைத்துப் பார்க்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். விதைத்து, முளைத்து, கருக்கொண்டு, விளைந்து, அறுத்து உண்பது. வயல் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. ஓரங்க நாடகத்தில் விதைப்பையும் முளைப்பையும் மேடையில் காட்ட நேரமில்லை. கதிர் முற்றி நிற்கும்போது திரை திறக்க வேண்டும். மூலத்தில் அந்த முற்றிய தருணம் எங்கே இருக்கிறது, அது ஓரிடத்தில் நடக்கிறதா என்பதைத்தான் கீழே ஒவ்வொன்றிலும் பார்க்கிறோம்.

கூத்து ஏட்டிலிருந்து

மட்டக்களப்பு மண்ணில் இது முதலில் மனத்தில் வருவது இயல்பு. மகாபாரதக் கதைகள் வடமோடி என்ற கூத்து வகையில் நிறைந்து கிடக்கின்றன. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாண்டவர் கதையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஆற்றல் அதிகமாகக் கேட்கும் மூலமும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். மூன்று பாத்திரங்களுக்கு முறையான வரவு ஆட்டம், அதாவது பாத்திரம் மேடைக்கு வரும்போது ஆடும் ஆட்டம், வைத்தால், ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் ஏழரை நிமிடம் போய்விடும். ஆறு தரு (கூத்துப் பாட்டு), பக்கப்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம், அது ஒன்பது. மிஞ்சுவது மூன்றரை நிமிடம். அதற்குள் நாடகம் நடக்க வேண்டும். அதனால்தான் பல பாடசாலைக் கூத்துகளில் எல்லோரும் அழகாக வந்து ஆடுகிறார்கள், சண்டை தொடங்கும்போது மணி அடிக்கிறது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோது எதிர்கொண்ட சிக்கலும் இதுதான். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை அப்படி வந்தவை. சுருக்குவது என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் வெட்டுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வெட்டினால் எல்லாம் நொண்டும். ஒரே ஒரு சந்திப்பை எடுத்து அதை முழுசாக ஆட வேண்டும். கர்ணனிடம் குந்தி வந்து நிற்கும் கட்டம் போதும்: இரண்டு பாத்திரம், ஒரு வரம், ஓர் ஆற்றங்கரை. கர்ணனுக்கு மட்டும் வரவு; குந்தி ஆட்டமில்லாமல், தாளமில்லாமல் நடந்து வரட்டும். அந்த வேறுபாடே சபைக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பாட்டைப் பிள்ளைகள் புதிதாக எழுதலாம், எழுத வேண்டும். பழைய மெட்டுக்குப் புதிய சொல் வைக்கும்போது பிழைக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து விழும், பாடுகிற பிள்ளை அதை இழுக்கும், சொல் சிதையும். முதலில் மெட்டைத் ‘தானா தன்ன’ என்று சொல்லில்லாமல் பத்து முறை பாடி, எங்கே நீள்கிறது என்று கொப்பியில் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நேரே நெடில் வரும்படி சொல்லைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் வராது.

மற்றவை நடைமுறை. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் அவரை வெற்றிலை வைத்து முறையாக அழைத்து, முதல் வாரத்திலேயே கொண்டுவர வேண்டும். எட்டாவது வாரத்தில் ‘கொஞ்சம் திருத்தித் தாங்க’ என்று கேட்பது அவருக்கும் கலைக்கும் மரியாதையில்லை. ஆட்டம் தெரியாத பிள்ளைக்கு எட்டு வாரப் பயிற்சி மிகக் குறைந்த அளவு. வடமோடி ஆட்டக்காரர் கட்டும் கரப்புடுப்பு பாரம்; கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளை மேடையேறும்போதே களைத்திருக்கும். மத்தளத்துக்கு ஒலிவாங்கி வைக்கவே கூடாது. அது ஒலிவாங்கி இல்லாமலேயே மண்டபத்தை நிறைக்கும். வைத்தால் பாட்டின் சொல் ஒன்றும் கேளாது.

ஊரில் அண்ணாவியாரும் ஏற்கெனவே ஆடத் தெரிந்த நாலு பிள்ளைகளும் இருந்தால் இதைவிட நல்ல மூலம் இல்லை. அவை இல்லையென்றால் கூத்தின் உடுப்பை மட்டும் வாடகைக்கு எடுத்து ஆடுவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும்.

சிறுகதையிலிருந்து

பெரும்பாலான குழுக்கள் எடுப்பது இதைத்தான். கதை தயாராக இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. வசனமாக்கினால் சரி என்று தோன்றும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

நல்ல சிறுகதையின் பலம் மனத்துக்குள் நடப்பது. மேடையில் மனம் தெரியாது. உடனே பிள்ளைகள் ஓர் எடுத்துரைஞரைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்திக் கதையை வாசிக்கவைக்கிறார்கள். நடிகர்கள் அவர் சொல்வதை ஊமையாக நடித்துக் காட்டுகிறார்கள். அது படம் போட்ட புத்தகம்.

கதையைத் தெரியுமுன் ஒரு சோதனை செய்யலாம். கதையின் போட்டோப் பிரதியில் மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள். பாத்திரம் வாய்விட்டுச் சொல்வது சிவப்பு, செய்வது நீலம், நினைப்பதும் ஆசிரியர் விளக்குவதும் பச்சை. பச்சை பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கதையை வாசித்து மகிழ்ந்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடலாம். பிறகு இடங்களை எண்ணுங்கள். வீடு, சந்தை, ஆசுபத்திரி, மறுபடி வீடு என்று நாலு வந்தால், காட்சி மாற்றத்துக்காக மூன்று முறை விளக்கை அணைக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் நாற்காலி இழுபடும் சத்தத்தில் சபை கதையை விட்டு வெளியே வந்துவிடும். இரண்டு இடத்துக்கு மேற்பட்ட கதை ஓரங்கத்துக்கு ஆகாது.

சோதனையில் தேறிய கதையைக்கூட முதல் வரியிலிருந்து நாடகமாக்கக் கூடாது. கடைசிப் பக்கத்துக்குப் போய், முடிவு நடக்கும் நிமிடத்தைக் கண்டு, அங்கிருந்து பதினைந்து நிமிடம் பின்னால் வந்து நாடகத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு முன் நடந்தவை பேச்சில் துண்டுதுண்டாகத் தெரியவரட்டும். ஒன்பது பாத்திரம் இருந்தால் ஐந்தாக்குங்கள்; மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே வேலையைச் செய்கிறார்களென்றால் ஒருவர் போதும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. 1975இல் மறைந்த கவிஞர் நீலாவணனின் படைப்புக்கு இன்னும் உரிமை இருக்கிறது, பாரதியாருடையதற்கு இல்லை. கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்றுப் பக்கம் எழுதும் எழுத்தாளர்களில் பலர் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்கள். போய்க் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குவது ஒரு பின்னேர வேலை. வகுப்பறைக்குள் நடித்துப் பார்ப்பது ஒன்று. போட்டிக்கு அனுப்புவதும் யூடியூபில் போடுவதும் வேறு.

சங்கப் பாட்டும் காப்பியமும்

சிறுகதை நிறையத் தருகிறது என்பதே அதன் சிக்கல் என்றால், சங்கப் பாட்டு கொஞ்சமே தருகிறது என்பது அதன் பலம். புறநானூற்று 86ஆம் பாட்டை எடுங்கள். காவற்பெண்டு பாடியது, ஆறே அடி. சின்ன வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ‘உன் மகன் எங்கே’ என்று கேட்கிறார். தாய் சொல்கிறாள்: எங்கே இருக்கிறானோ அறியேன், புலி தங்கிப்போன கற்குகை போன்றது அவனைப் பெற்ற இந்த வயிறு, அவன் போர்க்களத்தில் தோன்றுவான்.

இதில் நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: ஓரிடம், இரண்டு பேர், ஒரு கேள்வி, வராத ஒருவன். பிள்ளைகள் புலி உவமையைப் பிடித்துக்கொண்டு வீரத்தாய் வசனம் எழுதத் தொடங்குவார்கள். அவர்களைத் தூணுக்குத் திருப்ப வேண்டும். கேட்டவர் யார்? பாட்டு சொல்லவில்லை. ஏன் தூணைப் பிடித்திருக்கிறார்? களைப்பா, வெட்கமா, கால் தளர்கிறதா? வந்தது அவனை விரும்பும் பெண்ணா, கடன் கேட்க வந்தவரா, செய்தியை மறைத்துக்கொண்டு வந்தவரா? மூன்று குழுவாகப் பிரித்து மூன்று விடைக்கும் பத்து நிமிடம் எழுதாமல் நடித்துப் பார்க்கச் சொன்னால் மூன்று வெவ்வேறு நாடகம் வரும்.

காலத்தை மாற்றுவதும் எளிது. மகன் பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போனவனாக இருக்கலாம். கட்டாருக்குப் போய் மூன்று கிழமையாக அழைப்பு எடுக்காதவனாக இருக்கலாம். முதற்பிரதி இப்படி வரும்:

“மாமி, கடலுக்குப் போன உங்கள் மகன் பத்து நாளாகியும் திரும்பி வரவில்லையே, எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.”

தாய்க்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் அந்தப் பெண் தாய்க்கே சொல்கிறாள். உண்மையில் அவள் சபைக்குச் சொல்கிறாள். சபையும் அதை உடனே கண்டுகொள்ளும். திருத்திய பிரதி:

பெண்: மாமி, அவர் எங்க?
தாய்: ஆருகா?
பெண்: உங்கட மகன்தான்.
தாய்: நீ ஏன் புள்ள தூணப் புடிச்சிட்டு நிக்காய்? உள்ளுக்கு வா.

கேள்விக்கு விடை வரவில்லை. தாய் விடையைத் தள்ளிப்போடுகிறாள், அவளுக்கும் பயம் என்பது தெரிகிறது, ‘ஆருகா’ (யார்) என்ற கேள்வியில் இந்தப் பெண்ணை அவள் எவ்வளவு தூரம் அறிவாள் என்ற சந்தேகமும் இருக்கிறது. நாலு வரி, பதினைந்து வினாடி.

இங்கே ஒரு கவனம் தேவை. ‘மகன் எங்கே’ என்ற கேள்வி இந்த மாவட்டங்களில் பல வீடுகளில் இன்னும் விடையில்லாமல் இருக்கும் கேள்வி. குழுவில் அப்படியொரு வீட்டுப் பிள்ளை இருக்கலாம். எழுதத் தொடங்குமுன் ஆசிரியர் தனித்தனியே கேட்டுவிட வேண்டும். அந்தப் பிள்ளை எழுத விரும்பினால் வழிவிடுங்கள், விரும்பாவிட்டால் காரணம் கேட்காமல் வேறு பாட்டுக்குப் போங்கள். ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரை மேடைக்காகப் பிடுங்கி எடுக்க எவருக்கும் உரிமையில்லை.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இதற்கு எதிர்மாதிரி. அது கிட்டத்தட்ட எழுதி முடித்த ஓரங்க நாடகம். வாயிலோன், அரசன், அரசி, கண்ணகி, ஒரு சபை, ஒரு சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் வழக்கு முடிந்தது. சாட்சிப் பொருள் மேடையில் எல்லோர் கண்முன்னும் திறக்கும் இப்படியொரு உச்சத்தைப் புதிதாகக் கற்பனை செய்வது கடினம். சிக்கல், தம்பிலுவில் முதல் செட்டிபாளையம் வரை கண்ணகை அம்மன் கோயில் உள்ள ஊர்களில் எல்லோருக்கும் முடிவு தெரியும். பிள்ளைகள் எழுத இடமில்லை; அடுக்குமொழியை மனப்பாடம் செய்து முழங்குவதோடு நின்றுவிடும். இடம் வேண்டுமென்றால் வாயிலோனிடம் போகலாம். அவளை முதலில் கண்டவன் அவன். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியவனும் அவன். அவன் வாசலில் நிற்கும் அந்த நாலு நிமிடம் எவரும் எழுதாதது.

வைகாசிக் குளிர்த்திச் சடங்கை மேடையில் காட்டலாமா என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. சடங்கு வேறு, காப்பியம் வேறு. சடங்கின் பாட்டையோ பொருளையோ மேடைக்கு எடுப்பதானால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் சடங்கை நடத்தும் கட்டாடியாரிடமும் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் காப்பியத்தோடு நிற்பதே சரியாக இருக்கும்.

ஓவியத்திலிருந்து

முதன்முறை நாடகம் எழுதும் குழுவுக்கு எங்கள் பரிந்துரை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஓவியம் ஒரு சொல்லும் தருவதில்லை. மனப்பாடம் செய்யவோ வெட்டி ஒட்டவோ அதில் எதுவுமில்லை. பேச்சு முழுவதும் பிள்ளைகளுடையதாகத்தான் இருக்க முடியும்.

எல்லா ஓவியமும் ஆகாது. கல்லடிப் பாலத்தின் பழைய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இடத்தைத் தருகிறது, ஆட்களைத் தரவில்லை. எழுத உட்கார்ந்தால் வாவியைப் பற்றிய வருணனைதான் வரும். தனி ஒருவரின் முகப்படமும் அப்படித்தான். குறைந்தது மூன்று பேர், ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்க்காமல் இருக்கும் படம் வேண்டும்.

வின்சென்ட் வான் கோ 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ இதற்கு மிகப் பொருத்தம். மேலே தொங்கும் ஒற்றை விளக்கு, மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் ஒரே தட்டுக் கிழங்கு. வலப்பக்கத்துப் பெண் கோப்பி ஊற்றுகிறாள். முன்னால் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்; அவள் முகம் தெரியாது. எந்தக் கையால் மண்ணைக் கிண்டினார்களோ அதே கையால் தட்டிலிருந்து எடுத்து உண்கிறார்கள் என்பதைக் காட்ட விரும்பியதாக வான் கோ தம்பிக்கு எழுதினார். வெள்ளாமை ஊரில் இந்த வாக்கியத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

படத்தைக் கைபேசியில் காட்டக் கூடாது. மிக இருண்ட படம். சின்னத் திரையில் முகங்கள் மறைந்துபோகும். ஏ3 தாளில் நிறப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் எவரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் முப்பது குறிப்பு எழுத வேண்டும், கண்ணால் கண்டதை மட்டும். ‘வறுமை’, ‘சோகம்’ என்ற சொற்களுக்கு அன்றைக்குத் தடை. பன்னிரண்டாவது, பதினைந்தாவது குறிப்போடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அதன் பிறகு வருவதுதான் நாடகத்துக்கு உதவும். யார் யாரைப் பார்க்கிறார், பார்க்கப்படுபவர் திருப்பிப் பார்க்கிறாரா, எத்தனை கோப்பை, யாருடைய கை தட்டுக்குப் போகவில்லை.

இரண்டாம் நாள் இரண்டு கேள்வி. இதற்கு ஒரு நிமிடம் முன் என்ன நடந்தது? அடுத்து எந்த ஒரு செயல் நடந்தால் இந்த மேசை இப்படியே இருக்க முடியாது? கதவு தட்டப்படலாம், விளக்கு அணையலாம், ஒருவர் ‘நான் நாளைக்கு வயலுக்கு வரமாட்டன்’ என்று சொல்லலாம். அந்தச் செயல் கிடைக்காதவரை பேனாவைத் தொடக் கூடாது. ஓவியத்தில் காலம் நிற்கிறது. பிள்ளைகள் அந்த நிற்றலையே மேடையில் வைத்து, ஐந்து பேரையும் உறையவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து தன் துயரத்தைச் சபைக்குச் சொல்லவைப்பார்கள். ஓவிய நாடகங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். செயல் ஒன்று உள்ளே வந்துவிட்டால் உறைவு தானாக உடையும்.

மூன்றாவது படி இடமாற்றம். பொன்னிறப் பொய்முடியும் ஐரோப்பியத் தொப்பியும் வேண்டாம். மேசை போய்ப் பாய் வரட்டும்; உருளைக்கிழங்கு போய் அவித்த மரவள்ளி, கட்டைச் சம்பல்; தொங்கும் விளக்கு போய் வயல் வாடியில் ஒரு குப்பி விளக்கு. வயல் சொந்தக்காரரான போடியாரிடம் கணக்கு முடித்து வந்த இரவு என்று வைத்தால், அந்த ஒரே தட்டில் யார் எத்தனை துண்டு எடுக்கிறார்கள் என்பதே பேச்சாகிவிடும். மாற்றியபின் மூல ஓவியம் சபைக்குத் தெரிய வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஐந்து பேரின் இருப்பும், ஒற்றை வெளிச்சமும், முதுகு காட்டும் சிறுமியும் தொடர்ந்தால் போதும்.

அந்தச் சிறுமிதான் இந்தப் படம் தரும் பெரிய வரம். நாடகம் முழுக்க அவள் சபைக்கு முதுகைக் காட்டி இருக்கட்டும். அவள் திரும்பும் கணமே உச்சம். ஆனால் முதுகு காட்டிப் பேசும் குரல் பாடசாலை மண்டபத்தில் கேட்காது, தொங்கும் ஒலிவாங்கி இரண்டு மூன்றுதான் இருக்கும். ஆகவே அவளுக்கு நாலைந்து வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். மற்ற நால்வரும் அரைவட்டமாக இருக்க வேண்டும். முழு வட்டமாக இருந்தால் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். கூத்தாடும் வட்டக்களரியில் சபை சுற்றி இருக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. பாடசாலை முற்றத்தில் ஆடக் கிடைத்தால் அப்படியே ஆடலாம். குப்பி விளக்கின் வெளிச்சம் மட்டும் போதாது. மேலேயிருந்து ஒரு மஞ்சள் குமிழ் சேர்ந்து எரிய வேண்டும், இல்லாவிட்டால் நடுவர்களுக்கு முகம் தெரியாது.

பலவீனமும் சொல்ல வேண்டும். ஓவியத்திலிருந்து வரும் நாடகத்துக்கு முடிவு எளிதில் அமையாது. கதை முடிவைத் தருகிறது, பாட்டு குறிப்பைத் தருகிறது, ஓவியம் ஒன்றும் தருவதில்லை. ஆறாவது வாரத்தில் குழு முடிவில்லாமல் நிற்கும். அப்போது யாராவது தற்கொலையை அல்லது திடீர் மரணத்தைக் கொண்டுவருவார்கள். அதை ஏற்காமல், தொடக்கத்தில் இருந்த பொருளுக்குத் திரும்புங்கள்: தட்டில் கடைசித் துண்டு மிஞ்சியிருக்கிறது, அதை யார் எடுக்கிறார்?

கவியிலிருந்து

அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனைப் பக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. நாலடிக் கவிக்குள் பேசுபவரும் கேட்பவரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். பேசி வந்த மாப்பிள்ளையின் வழுக்கையைக் கச்சான் அடித்த காட்டு மரத்துக்கு ஒப்பிடும் கவி ஒன்று உண்டு. அதைச் சொல்பவள், கேட்டுச் சிரிப்பை அடக்கும் ராத்தா (அக்கா), வாசலில் நிற்கும் தரகர் என்று மூவர் கண்முன் வந்துவிடுகிறார்கள். ஒரே பொருளைச் சுற்றிய ஏழெட்டுக் கவியைக் கோத்தால் காட்சி தயார். பெண்கள் பாடசாலைக்கு இது மிக உகந்தது. தாடி ஒட்டி ஆண் வேடம் போடாமல் உம்மா, மூத்தம்மா, ராத்தா, மச்சி என்றே முழு நாடகத்தையும் எழுதலாம்.

பாடித் தந்த மூத்தம்மாவின் சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவை மேடையில் போடாதீர்கள். காதற் கவிகளைப் பிள்ளைகள் மேடையில் சொல்வது பற்றிப் பெற்றோரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. வட்டாரப் பேச்சை எழுதும்போது ‘மறுகா’, ‘மனே’, ‘கா’ ஆகியவற்றை வரிக்கு வரி தூவினால் அது பகிடியாகிவிடும். வீட்டில் ஐந்து நிமிடப் பேச்சைக் கேட்டு, எங்கே எத்தனை முறை வருகிறதென எண்ணிவிட்டு எழுதட்டும்.

சினிமாக் காட்சியை மூலமாக எடுப்பதை இங்கே சேர்க்கவில்லை. பிள்ளைகள் அந்த நடிகரைப் போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள்; திருத்தவே முடியாது.

எந்தக் குழு எதை எடுப்பது

அண்ணாவியாரும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகளும் பத்து வாரம் முழுசாகவும் இருந்தால் கூத்து. ஆறு வாரம்தான் இருக்கிறது, குழுவில் இரண்டு பேர் நன்றாக நடிப்பார்கள், மற்றவர்கள் கூச்சம் என்றால் புறப்பாட்டு. இரண்டு பாத்திரத்தோடு முடிந்துவிடும், மற்றவர்கள் எழுத்திலும் ஒலியிலும் வேலை செய்யலாம். குழு பெரிது, எல்லோருக்கும் பாத்திரம் வேண்டும், எழுதிப் பழக்கமில்லை என்றால் ஓவியம். நன்றாக வாசிக்கும் குழு, கதையை வெட்ட மனம் வரும் ஆசிரியர், எழுத்தாளரின் அனுமதி மூன்றும் இருந்தால் மட்டும் சிறுகதை. நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கும் உயர்தரப் பிள்ளைகள் வழக்குரை காதையை வாயிலோன் பக்கமிருந்து எழுதிப் பார்க்கலாம். அவர்களுக்கு அந்தச் சவால் தகும்.

மாரியில் ஆடுவதானால் இன்னொன்றும் சேர்த்து யோசிக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மெல்லிய பேச்சு ஒன்றும் கேட்காது. மௌனத்திலும் சிறுபேச்சிலும் நிற்கும் ஓவிய நாடகமும் புறப்பாட்டு நாடகமும் அன்றைக்குத் தோற்கும், கூத்து தாங்கும். கார்த்திகை, மார்கழியில் மேடையேற்றம் விழுந்தால் அந்த இரண்டையும் மூன்று பக்கச் சுவருள்ள வகுப்பறையில், ஐம்பது பேரை நெருக்கமாக இருத்தி ஆடுவதுதான் வழி.

எதை எடுப்பதென்று இரண்டாம் வார முடிவிலும் தெளியாவிட்டால், இரண்டு மூலத்திலிருந்தும் ஒவ்வொரு பக்கம் எழுதி, எழுதாத பிள்ளைகளிடம் கொடுத்து, ஆயத்தமில்லாமல் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பெயரைச் சொல்லாமலே யார் பேசுகிறார் என்று எந்தப் பக்கத்தில் தெரிகிறதோ, அந்த மூலத்தோடு மூன்றாம் வாரத்துக்குப் போகலாம்.